பீடிக் கடைத் திண்ணையில் ஒரு மேஜை

(நமது மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "நாள்பட்ட நோய்த் தடுப்பில் சமூக சேவைகளைப் பயன்படுத்த மக்களை ஊக்குவித்தல்" என்பது. அழைப்பிதழில் இதை அச்சடிக்க இரண்டு வரி பிடித்திருக்கிறது. நம்முடைய ஊர்ப் பேச்சில் சொன்னால் விஷயம் இதுதான்: சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் பரிசோதனை தெருவுக்கே வருகிறது, மாத்திரை இலவசமாய்க் கிடைக்கிறது, ஆனாலும் ஜனங்கள் வருவதில்லை. ஏன் வருவதில்லை, வரவைக்க நாம் என்ன செய்தோம், எதில் தோற்றோம் என்பதை இன்று மறைக்காமல் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு வெற்றியை மட்டும் சொல்லி அனுப்புவது சரியல்ல.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த அரசு ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7 பேருக்குத்தான். சர்க்கரை நோய் நூற்றுக்கு 17 அல்லது 18 பேருக்கு இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். நம்முடைய மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இல்லையா? மருந்துக் கடைகள் இல்லையா? எல்லாம் இருக்கிறது. இருந்தும் இந்தக் கணக்கு. இதைப் பார்த்துத்தான் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அரசாங்கம் தொடங்கியது. தேடிப்போவது நம்முடைய பாரம்பரியமும்தான். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் ஒரு மோட்டார் காரில் வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். நாம் புதிதாய் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

தேடிப்போனால் மட்டும் போதுமா? அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கொத்தனார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. வலது கால் பெருவிரல் கறுத்துப்போய், வாடை வந்த பிறகு நம்முடைய ஆண்கள் வார்டில் வந்து படுத்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எந்தத் தெரு என்று விசாரித்தேன். சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், நம்முடைய கோவில் வராண்டாவில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைதோறும் நாம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். நான்கு வருஷமாக!

"அண்ணாச்சி, வாசலுக்கு எதிரேதானே முகாம் நடந்தது, ஒரு நாள் எட்டிப்பார்த்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கால் போன மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் கோபப்படவில்லை. "ஐயா, நீங்க போர்டு வச்சீங்க. மைக்ல சொன்னீங்க. என்னைய யாரும் கூப்பிடலையே" என்றார். சற்றுப் பொறுத்து, "சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாளு. நீங்க பத்து மணிக்கு வருவீக, ஒரு மணிக்கு எழும்பிருவீக. நான் அப்போ சாரத்துமேல நிப்பேன்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியமும் பல வருஷமாய் நாங்கள் எழுதிய அறிக்கைகளை எல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அறிக்கையில் "முகாம் சிறப்பாக நடைபெற்றது" என்றுதான் எழுதியிருப்போம். யாருக்குச் சிறப்பு? நம்முடைய வேன் ஓட்டுநருக்கும் நர்ஸம்மாவுக்கும் வசதியான நேரத்தில் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அதன்பின் கிராம சுகாதார ஊழியர் இரண்டு பேரும் ஒரு மூத்த நர்ஸம்மாவும் தெருத்தெருவாய்ப் போனார்கள். இந்தத் தடவை பரிசோதனைக்காக அல்ல, கேட்பதற்காக. ஏன் வரவில்லை என்று குற்றம் பிடிக்கிற தோரணையில் கேட்கக் கூடாது, எப்படி வைத்தால் வரமுடியும் என்று கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். நானும் சில வீடுகளுக்குப் போனேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்றவர்கள்தான் அதிகம். இந்த நோய்களின் தந்திரமே அதுதான். பல்வலி வந்தவனை யாரும் ஊக்குவிக்க வேண்டியதில்லை, அவனே ஓடி வருவான். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருஷக்கணக்காய்ச் சத்தமில்லாமல் உள்ளே குடியிருக்கும். கொல்லிமலையில் மிஷனெரிகளுக்குப் பிறந்து, 1946-ல் மருத்துவராய் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களைப் பெரியவர்கள் அறிந்திருப்பீர்கள். குஷ்டரோகிகளின் கைகால்கள் அழிவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, வலி தெரியாமல் போனதால் காயத்தைக் கவனியாமல் விடுவதுதான் என்று எடுத்துக்காட்டியவர் அவர். 1966-ல் அமெரிக்கா போன பிறகு அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். வலியைத் தேவனுடைய ஈவு என்றே அவர் பேசுவார். அந்த ஈவு இல்லாத இடத்தில் வேறு யாராவதுதான் அந்த மனுஷனுக்கு எச்சரிப்பாய் இருக்கவேண்டும்.

இன்னொரு காரணம் வெட்கம். ஒரு தாயார் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாய்ச் சொன்னார்கள்: "மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். நான் கோவில் வராண்டாவுல சுகர் வரிசையில நின்னா, குடும்பத்துக்கே சுகர்னு ஊரெல்லாம் பேச்சாயிரும்." இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்த அம்மாளின் பயம் நியாயமானது. பெண் பார்க்க வருகிறவர்களில் இப்படி விசாரிக்கிறவர்கள் நம்முடைய சபைகளிலேயே இருக்கிறார்கள். இஸ்லாமியக் குடும்பம் ஒன்றில், "அது உங்க கோவில் காம்பவுண்டு, நாங்க உள்ள வரலாமான்னு தெரியல" என்றார்கள். நான்கு வருஷமாய் "அனைவரும் வருக" என்று போர்டு வைத்திருந்தோம். போர்டு பேசாது போலிருக்கிறது.

வேறொருவர், "போன தடவை வந்தப்போ, சுகர் கூடிப்போச்சு, கல்யாண வீட்டுல கேசரி தின்னீங்களான்னு அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால சத்தம் போட்டுச்சு, இனிமே வரமாட்டேன்" என்றார். அந்தப் பிள்ளை நம்முடைய நர்ஸ். நல்ல பிள்ளை, அக்கறையில்தான் சத்தம் போட்டிருக்கிறது. ஆனால் அக்கறை, கேட்கிறவர் காதில் அவமானமாய் விழுந்தால், அந்த நோயாளி நமக்கில்லை.

நான்காவதாய் ஒன்றைச் சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது. ஒரு பாட்டியம்மா தன் மாத்திரைகளை எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. "ஜெபக்கூட்டத்துல கைவச்சு ஜெபம் பண்ணுனாங்க, சுகமாயிட்டேன்னு விசுவாசிச்சு நிறுத்திட்டேன்" என்றார்கள். அன்றைக்கு இரத்த அழுத்தம் பார்த்தபோது மேல் எண் இருநூறைத் தாண்டியிருந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேலாய் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறவன். கர்த்தர் சுகமாக்குகிறார் என்று விசுவாசிக்கிறவன். ஆனாலும் ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன், குருவானவர்கள் மன்னிக்கவேண்டும்: மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்கிற சாட்சியைப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் மேடையில் சொல்ல விடாதீர்கள். ஆண்டவர் தாம் சுகமாக்கின குஷ்டரோகியையே போய் ஆசாரியனிடம் காண்பிக்கச் சொன்னார் அல்லவா!

இப்போது பீடிக் கடைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகை வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரைக்கும் எழும்ப மாட்டார்கள். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிவர சாயங்காலம் போவார்கள். அங்கே கட்டு எண்ணி, கழிவு பார்த்து, பாஸ்புக்கில் எழுதி முடிய அரைமணி, முக்கால் மணி நேரம் சும்மா நிற்கவேண்டும். "அந்த நேரத்துல வந்தீங்கன்னா கையை நீட்டுறோம்" என்று சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். இது எங்கள் யோசனை அல்ல.

மருத்துவமனைக் கமிட்டியில் ஒரு பெரியவர் எழுந்து, "புகையிலைக் கடைத் திண்ணையிலா மிஷன் ஆஸ்பத்திரியின் மேஜை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. புகையிலையை நாங்கள் ஆதரிக்கவில்லை, பீடி குடிப்பதை நிறுத்தச் சொல்லித்தான் பேசிவருகிறோம். ஆனால் மத்தேயு சுங்கத்துறையில் உட்கார்ந்திருந்தபோதுதானே ஆண்டவர் அங்கே போய் அவனைக் கூப்பிட்டார் என்றேன். கமிட்டி சம்மதித்தது. கடைக்காரரும் சம்மதித்து, ஒரு டியூப் லைட்டும் போட்டுக்கொடுத்தார்.

முதல் நாள் மூன்று பேர்தான் வந்தார்கள். நர்ஸம்மாவின் முகம் வாடிவிட்டது. வந்த மூவரில் ஒரு அக்கா, தெருவில் எல்லாருக்கும் வாய்க்குப் பயப்படுகிற ஆள், அடுத்த வாரம் பதினோரு பேரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "ஏட்டி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கதுக்கு இப்பிடிப் பயப்படுதியே" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் பாதித் தெரு வந்துவிட்டது. நாங்கள் சத்தம் போட்டால் அவமானம். அந்த அக்கா போட்டால் உரிமை. அதிலிருந்து நாங்கள் போர்டு எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருவிலும் அப்படிப்பட்ட ஒருவரைத் தேட ஆரம்பித்தோம். முகாமுக்கு முந்தின நாள் அவர்கள் பெயர் சொல்லிப் போய்க் கூப்பிடுகிறார்கள். முடிவுச் சீட்டை மடித்துக் கையில் கொடுக்கிறோம், சத்தமாய் வாசிப்பதில்லை. கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் காலை ஆறரை மணிக்கு, அவர்கள் வேலைக்குக் கூடுகிற டீக்கடை முக்கில் மேஜை. வராதவர்களுடைய வீட்டுக்கு அதே வாரத்தில் ஒருவர் போய், "ஏன் வரலை" என்று கேட்காமல், "சுகமா இருக்கீகளா" என்று கேட்டுவிட்டு வருகிறார். அரசாங்கத்தின் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு நாங்கள் வேறு மாத்திரை கொடுப்பதில்லை. அதையே ஒழுங்காய்ச் சாப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்க்கிறோம். போட்டி போடுவதற்கு இது தேர்தல் அல்ல.

எல்லாம் நன்றாய் நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்கள் இன்னும் குறைவாகத்தான் வருகிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காய் வந்துவிட்டு நின்றுபோனவர்கள் பலர். ஒரு கிராமத்தில் நாங்கள் மூன்று இடம் மாற்றியும் மேஜை காலியாய்க் கிடந்து, கடைசியில் நிறுத்திவிட்டோம். அதற்குக் காரணம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இங்கே என்னைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐம்பத்திரண்டாம் வயதில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. நம்முடைய மருத்துவமனையில் அல்ல. அடுத்த ஊரில் ஒரு லேபில் போய் இரகசியமாய்ப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீடு சந்திக்கப் போகும் இடத்தில் சீனி போட்ட காபியைக் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடுவேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே! முகாம்களில் ஆரம்ப ஜெபம் செய்துவிட்டு அவசர வேலை என்று நழுவிவிடுவேன். உடம்பு ஆலயம் என்று பிரசங்கிக்கிற ஐயருக்கே சுகர் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்ற பெருமைதான் காரணம். ஒரு நாள் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்தால், நம்முடைய வார்டு ஆயாம்மா எதிரே நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "ஐயா, நீங்க மொதல்ல கையை நீட்டுங்க. பெறகு எல்லாரும் நீட்டுவாக." வேறு வழியில்லை, நீட்டினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது; 286 இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "ஐயாவுக்கும் நம்ம சீக்குத்தானா" என்று சந்தோஷமாய் முன்னால் வந்தார்.

அன்றிரவு நாகமானின் சரித்திரத்தை வாசித்தேன். சீரியாவின் படைத்தலைவன் எலிசாவின் வாசலில் வந்து நின்று, ஏழுதரம் யோர்தானில் முழுகு என்ற சின்னக் காரியத்தைக் கேட்டுக் கோபத்தோடே திரும்பினான். அவன் போயே போயிருப்பான். அவனைத் தடுத்தது தீர்க்கதரிசி அல்ல, ராஜா அல்ல, கூட வந்த வேலைக்காரர்கள். பெரிய காரியம் சொன்னால் செய்வீரே, இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யக் கூடாதா என்று தன்மையாய் வினவினார்கள். அதற்கும் முன்னே, சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி உண்டு என்று அவன் வீட்டில் சொன்னது சிறைப்பட்டு வந்த ஒரு சிறு பெண். இரண்டு இடத்திலும் பெயர் தெரியாத ஆட்கள். என் விஷயத்தில் அது ஆயாம்மா.

ஆலயத்திற்குள் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாத உணர்ச்சி போனவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறோம். கழற்றவே கூடாது என்றும் சொல்லுகிறோம். ஆனால் நம்முடைய கோவில்களில் பலபேர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே வருவோம்? ஒரு சித்திரை மாதத்து ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்த ஒரு தாயார் கொதிக்கிற மணலில் நின்றே பேசிக்கொண்டிருந்து, வீட்டில் போய்ப் பார்த்தால் இரண்டு பாதமும் கொப்புளம். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறுமாதம் கட்டுப்போட்டோம். மோசேயைப் பாதரட்சையைக் கழற்றச் சொன்ன தேவன் இதற்கு என்ன சொல்லுவார் என்று சபைக் கமிட்டியில் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு வயதான மூப்பர், "வீட்டுக்குப் போடுற செருப்பு வேற, கோவிலுக்குப் போடுற செருப்பு வேறன்னு ரெண்டு ஜோடி வாங்கிக் குடுங்க, நான் ரூபா தாறேன்" என்றார். இப்போது அந்தச் சபையில் ஏழு பேருடைய கோவில் செருப்புகள் கதவுக்கு உட்புறம் ஒரு தட்டில் இருக்கின்றன. அவர்கள் வாசலில் மாற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. நோயாளிக்கு உபதேசம் பண்ணுவதைவிட இது அதிகமாய் வேலை செய்திருக்கிறது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். சென்னை டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரப்போகிற நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆலோசனையும் தொடர்ந்த விசாரிப்பும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடக்கவும் சாப்பாட்டைச் சீர்படுத்தவும் சொல்லி, மறவாமல் விசாரித்து வந்தவர்களில் 39 பேருக்கு வந்தது. மருந்தில்லாமல், பேச்சினாலும் நடையினாலும் கிடைத்த வித்தியாசம் இது. நூற்றில் பதினாறு குடும்பங்கள்.

ஆதரவாளர்களாகிய உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். டயாலிசிஸ் இயந்திரத்திற்கு என்றால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். உங்கள் தகப்பனார் பெயர் பித்தளைத் தகட்டில் அதன்மேல் இருக்கும். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன், அந்த இயந்திரங்கள் தேவைதான். இன்று காலையிலும் அவை ஓடின. ஆனால் குளுக்கோமீட்டர் பட்டைக்குத் தகடு அடிக்க முடியாது. ஊசி குத்தி, ஒரு சொட்டு வைத்து, பார்த்துவிட்டுக் குப்பையில் போடுகிற பொருள் அது. தெருவில் நடக்கிற ஊழியரின் மாதச் சம்பளத்திற்கும் தகடு கிடையாது. ஒருவருடைய சிறுநீரகம் கெட்டுப்போகாமல் இருந்ததற்கு "உபயம்" என்று எங்கே எழுதுவது? அந்த நபருக்கே தெரியாதே! அதனால் இந்தக் கணக்கில் எப்போதும் பணம் பற்றாது. சென்ற ஆண்டு இரண்டு தெரு ஊழியர்களை நிறுத்தவேண்டிய நிலை வந்தது, ஒருவரை நிறுத்தியேவிட்டோம். அவர் போன தெருக்களில் இப்போது மேஜை இல்லை. அந்த ஒரு பணியிடத்தை மீண்டும் ஏற்படுத்த வேண்டும். வாசலில் இருக்கிற உறைகளில் "தெரு ஊழியம்" என்று எழுதிக் கொடுத்தால் பொருளாளர் வேறு கணக்கில் சேர்க்கமாட்டார். அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். இங்கே இருக்கிற முந்நூறு பேரில், கடந்த ஒரு வருஷத்துக்குள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை. வெட்கம் எனக்குத் தெரியும். அடுத்த மாதக் கூடுகைக்கு ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள், இரவு சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடாமல். காபியும் கூடாது. மேஜை இதே மண்டபத்தில் இருக்கும், முதல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். வரும்போது உங்கள் தெருவிலிருந்து ஒருவரை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அழைத்து வாருங்கள். நம்முடைய சபையாராய் இருக்கவேண்டியதில்லை. பரிசோதனை முடிந்தவுடன் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இட்லி கொடுக்கிறார்கள். சட்னியில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.